சவரிமுத்து அண்ணனின் பதினான்கு வாட்

யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, சத்தியம் செய்துவிட்டு இந்தக் கதையை எழுத உட்காருகிறேன். பீடோங் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சவரிமுத்து அண்ணனை அறிந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அறியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். உங்களுக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்காது.

செய்தி வந்தபோது நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏணியின் உச்சியில் நின்று ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். குழாய், மைக், ஆம்ப்ளிஃபயர் என்று வாடகைக்கு விடுவதுதான் என் தொழில். மண்டபத்து ஆள் கீழே வந்து நின்று கத்தினான்.

"அண்ணே! பீடோங்லேருந்து போன். ரேடியோ கடை சவரிமுத்து காலமாயிட்டாராம்."

"இருக்காதுடா. இன்னொரு தடவ அளந்து பாக்கச் சொல்லு" என்றேன்.

துக்கச் செய்திக்கு இப்படியா பதில் சொல்வது என்று கேட்பீர்கள். அந்த மனிதரோடு பதினைந்து வருடம் குப்பை கொட்டியவன் வாயில் வேறு எதுவும் வராது. சொல்லிவிட்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வருடங்களில் பிஸ்கட் டின் அளவில் குட்டி ஆம்ப்ளிஃபயர்கள் மலிவாக வந்து குவிந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் அறுபது வாட், நூறு வாட் என்று தங்க எழுத்து. ஊரே அதைப் படித்து மயங்கியது. அண்ணன் மட்டும் மயங்கவில்லை. ஸ்பீக்கருக்குப் பதிலாகத் தடைக்கம்பியை இணைத்து, அது சூட்டில் கருகாமல் இருக்க வாளித் தண்ணீரில் முக்கி வைப்பார். பச்சைக் கோடு நெளியும் ஸ்கோப் பெட்டியைப் பார்த்தபடி சத்தத்தை மெல்ல ஏற்றுவார். கோட்டின் உச்சி நசுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி மீட்டரைப் படிப்பார். அறுபது வாட் பெட்டி பதினான்கில் நசுங்கும். அந்த வாளியில் அவர் ஆறு முட்டை அவித்துத் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். மிச்ச வெந்நீரில் கடைத்தெரு முழுக்கக் காப்பி கலக்கினார்கள்.

அதோடு விட்டாரா? ரிப்பேருக்குக் கொடுத்த என் ஆம்ப்ளிஃபயரின் நெற்றியில், 'அறுபது' என்ற தங்க எழுத்தின் மேலேயே, 'உண்மை: 14 வாட்' என்று காகிதம் ஒட்டி அனுப்பிவிட்டார். நான் கவனிக்காமல் ஒரு தோட்டத்துக் கல்யாணத்துக்கு எடுத்துப் போனேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் கிட்டே வந்து குனிந்து படித்தார்.

"என்னா தம்பி, அறுவது வாட்டுன்னு பேசி பதினாலு கொண்டாந்திருக்க? மிச்சத்த வீட்டுல வச்சிட்டியா?"

அன்று பந்தலில் சிரிக்காதவன் பந்தக்கால் ஒருவன்தான். நான் பீடோங்குக்குப் பறந்தேன். அண்ணன் சால்டரிங் கம்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பதினாலுதான் இருக்கு. நான் என்னா செய்ய?"

"சனத்துக்குச் சத்தம் கேட்டாப் பத்தாதாண்ணே? ஒங்க நம்பர் எதுக்கு?"

"மீட்டருக்கு மாமனும் கெடையாது, மச்சானும் கெடையாது லா" என்றார். அவருடைய வேதவாக்கு இது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

இந்த எரிச்சலோடுதான் மாதா கோயில் விவகாரத்துக்குள் நுழைந்தேன்.

பீடோங்கை அடுத்த ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீடுகள் முடியும் கடைசியில், தகரக்கூரை போட்ட சிறிய மாதா கோயில் இருந்தது. அதில் பாட்டு நடத்துகிறவர் ரப்பர்ப் பால்மரம் வெட்டும் பிலோமினா அக்கா. மைக் இல்லாமல் கத்திக் கத்திப் பாடி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒரு வருடம் வீடு வீடாய் ஏறி இறங்கி, ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்குமளவுக்குச் சேர்த்திருந்தார். ஒன்றுதான் வாங்க முடியும். தப்பாகப் போனால் இன்னொன்றுக்கு அடுத்த திருவிழா வரை வழியில்லை. அதனால் எங்கள் இருவரையும் அண்ணன் கடைக்கு வரவழைத்தார்.

மேசை மேல் இரண்டு குட்டிப் பெட்டிகள், ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு. அண்ணன் இரண்டையும் அளந்து முடித்திருந்தார். சாம்பலுக்குப் பதினான்கு வாட், ஒலிச் சிதைவு குறைவு. கறுப்புக்குப் பதினொன்று, சிதைவு கூடுதல். பிறகு இரண்டையும் மீட்டர் வைத்து ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டார்.

"தம்பி, நீதான் பெரிய காதுக்காரனாச்சே. சொல்லு, எது நல்லா இருக்கு?"

கண்ணை மூடினேன். தலையைச் சாய்த்தேன். சமஸ்தான வித்துவான் மாதிரி விரலை உயர்த்தினேன்.

"கறுப்பு. சாம்பல் தொண்டையில மணல் இருக்குண்ணே. அக்கா பாட்டுக்கு ஆவாது."

"மணலா? எங்க இருக்கு மணல்? ஸ்கோப்புல காட்டு பாப்போம்!"

"ஸ்கோப்புக்குக் காது இருக்கா?"

பிலோமினா அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தர் பாக்குறாரு, ஒருத்தர் கேக்குறாரு. பாடப்போறது நான். யாராச்சும் ஒரு முடிவு சொல்லுங்களேன், ரொம்ப சூசாவா இருக்கு, தல சுத்துது."

"சாம்பல்தான். என் பேச்சு தப்புன்னா கோயில்ல வச்சே ஒத்துக்குறேன்" என்றார் அண்ணன். சாம்பல் பெட்டி கோயிலுக்குப் போனது.

திருவிழாவின் முதல் நாள் மாலை ஏழு மணி. அக்கா மைக்கைப் பிடித்து முதல் வரியைப் பாடினார். சாம்பல் பெட்டி இருமியது. பிறகு கரகரத்தது. பிறகு, அன்பர்களே, அப்படியொரு சத்தத்தை எழுப்பியது, வெட்டுமரங்களின் கிண்ணத்தில் மிச்சமிருந்த பால் மருந்தில்லாமலே உறைந்தது. ஜெராய் மலை இரண்டு அங்குலம் யான் ஊர்ப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது. அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அண்ணன் முகம் வெளுத்துப்போய்ப் பையிலிருந்து மீட்டரை எடுத்துச் சுவர் பிளக்கில் வைத்தார். இருநூற்று நாற்பது வோல்ட் காட்ட வேண்டிய முள் நூற்று எண்பதில் நின்று நடுங்கியது. தோட்டத்துக்கு டவுன் கரண்டு கிடையாது, தொழிற்சாலை ஜெனரேட்டர்தான். அன்று தொலைக்காட்சியில் தமிழ்ப்படம் போடும் நாள் வேறு. எல்லா லயத்து வீட்டிலும் பெட்டியைத் திறந்துவிட்டார்கள், கரண்டு இளைத்துவிட்டது. வாளி, ஸ்கோப், தடைக்கம்பி என்று அத்தனை ஏற்பாட்டோடும் அளந்த மனிதர், அளந்தது பீடோங் பிளக்கில்!

அவர் சைக்கிளில் கடைக்குப் போய்க் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். சத்தம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அந்த இளைத்த கரண்டிலும் குரல் குரலாக வந்தது. அக்கா பாடினார். பாட்டு முடிந்ததும் அண்ணன் பலிபீடத்துக்கு முன்னால் போய், மைக் இல்லாமல், நின்றார்.

"தப்பு என்னோடது. டவுன் கரண்டுல அளந்துட்டேன். இந்தத் தம்பி காது அன்னைக்கே சொல்லுச்சு. நாந்தான் கேக்கல."

ஜனம் என்னைப் பார்த்தது. நான் கைகளைக் கூப்பி, மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவன் மாதிரி ஏற்றுக்கொண்டேன்.

என் தலைவலி அதோடு முடியவில்லை, அங்கேதான் ஆரம்பித்தது. அதன்பிறகு கடைக்கு எந்தப் பெட்டி வந்தாலும் எனக்கு ஆள் வரும்: "காத எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரு." போவேன். ஏதோ ஒன்று சொல்வேன். அண்ணன் பயபக்தியோடு எழுதுவார். லேபிளில் இப்போது இரண்டு வரி, 'மீட்டர்: 12 வாட்', 'காது: சுத்தம்'. பெண்டாங்கிலிருந்து வந்த ஒரு சாப்பாட்டுக்கடை பாய், மீட்டர் வரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'காது: சுத்தம்' பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப்போனார்.

அண்ணனிடம் ஒரு விஷயம் சொல்லிவிட மூன்று முறை முயன்றேன்.

"அண்ணே, அன்னைக்குக் கோயில்ல…"

"தெரியும் லா! சும்மா சும்மா பெருமையடிக்காத."

இரண்டாவது முறை, "அந்தக் காது விஷயம்ணே…" என்றதும், "டாக்டர்கிட்டப் போனியா? ஏதும் கோளாறா?" என்று பதறி, எண்ணெய் கொதிக்க வைக்கச் சொல்லி அண்ணிக்குக் குரல் கொடுத்தார். மூன்றாவது முறை அவர் இருமிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். அந்த வாரத்தை அவர் எனக்குத் தரவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை அளக்கிற மனிதர், இதற்கு மட்டும் அப்படி ஓர் அவசரம்! இப்போது யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவர் பிளக்கை அளந்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன். இன்னொன்று, யாராவது செட்டைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், தெரியவில்லை என்று சொல்லப் பழகிவருகிறேன். இந்த வயதில் அது சுலபமாக வரவில்லை.

வாளியில் முட்டை அவிந்ததை நம்பாதீர்கள். பால் உறைந்ததையும் விட்டுவிடுங்கள். ஜெராய் மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை: அன்று கடையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது, சாம்பலுக்கும் கறுப்புக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அண்ணனின் மீட்டர் சாம்பல் என்றதால்தான் நான் கறுப்பு என்றேன்.