படிக்கட்டில் தொங்கிய செர்ரி

நெட்டா மக்ரிண்டில் வாயைத் திறந்தால் பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கும். கேட்க வேண்டும் என்றே பழக்கிய குரல் அது. ஏர் நகரத்துக்கும் எங்கள் கிர்வனுக்கும் நடுவே கடலோரச் சாலையில் ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். குடித்துவிட்டு ஏறும் மீன்காரர்களையும், டிக்கெட் எடுக்காமல் படியில் தொங்கும் பையன்களையும் அவள் திட்டியதே இல்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். பஸ் முழுக்கச் சிரிக்கும். ஆள் தானாகவே காசை நீட்டிவிடுவான்.

ஓய்வுக்குப் பிறகு அந்த வாய்க்கு வேலை கிடைத்த இடம் சர்ச்சு ஹால். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் அங்கே காப்பிக் கூட்டம் நடக்கும். பெண்கள் வீட்டில் சுட்ட பண்டங்களை டின்னில் போட்டு எடுத்துவந்து, பின்வாசல் வழியாகச் சமையலறையில் வைத்துவிட்டுப் போவார்கள். நெட்டா அவற்றைத் தட்டுகளில் அடுக்கி விற்பாள். கூரை ஒழுகுவதைச் சரிசெய்யத்தான் அந்தப் பணம். பணமும் சேர்ந்துகொண்டே இருந்தது, கூரையும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

தட்டில் யார் பெயரும் இருக்காது. டின்னின் அடியில்தான் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பேனாவால் எழுதியிருப்பார்கள். கழுவிக் கவிழ்த்த பிறகு எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. நெட்டாவுக்கு அந்தப் பிளாஸ்திரியும் தேவைப்படாது.

"இது பெகி. டிவி பாத்துக்கிட்டே அடுப்ப மறந்திருக்கா. இது டாக்டர் பொண்டாட்டி. வெண்ணெய்க்குப் பதிலா மலிவு மார்ஜரினப் போட்டுட்டு நமக்குத் தெரியாதுன்னு நெனச்சிருக்கா."

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆனால் எங்கள் ஊரில் ஒருத்தியின் கையை எடைபோடுவது எம்பயர் பிஸ்கட்டை வைத்துத்தான். இரண்டு வட்டமான வெண்ணெய் பிஸ்கட், நடுவே ராஸ்பெரி ஜாம், மேலே வெள்ளை ஐசிங், அதன் நட்டநடுவில் பாதிச் செர்ரி. ஐசிங் விளிம்பு வரை போக வேண்டும், விளிம்பைத் தாண்டி ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது. அப்படிச் செய்ய ஊரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருத்தி நெட்டா. இன்னொருத்தி செங்கா ஆல்ட்.

செங்கா ஏர் நகரில் கம்பளிச் சட்டை பின்னும் ஆலைக்கு நெட்டாவின் பஸ்ஸில் தினமும் போய்வந்தவள். நெட்டா அடிக்கும் கிண்டலுக்கெல்லாம் முதலில் சிரிப்பவள் அவள்தான். முன்சீட்டிலிருந்து அந்தச் சிரிப்பு கிளம்பினால்தான் நெட்டாவுக்கே தான் சொன்னது நன்றாக இருந்தது என்று உறைக்கும். செங்காவின் பிஸ்கட் தன்னுடையதைவிட ஒரு படி மேல் என்பதை நெட்டா உள்ளுக்குள் ஒத்துக்கொண்டிருந்தாள். வாயால் சொன்னதில்லை.

குளிர்காலத்தில் செங்காவைப் பக்கவாதம் தாக்கியது. கால் மெல்லத் தேறியது. வலது கை தேறவே இல்லை. மே மாதக் கூட்டத்துக்குத்தான் அவள் முதல்முறையாக வீட்டைவிட்டு வெளியே வந்தாள். கணவன் ஆர்ச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டினாள். இவளை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று நெட்டாவுக்கு இருந்தது.

அப்போதுதான் அந்தத் தட்டு கண்ணில் பட்டது. அன்று அவளுக்குப் பதிலாகச் சமையலறையில் யாரோ அடுக்கி அனுப்பிய எம்பயர் பிஸ்கட். ஐசிங் ஒரு பக்கம் மேடாகத் திரண்டு, மறுபக்கம் வழிந்து பக்கவாட்டில் இறங்கியிருந்தது. செர்ரிகள் எல்லாம் ஓரத்தில் இருந்தன. நெட்டா ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"யாரும்மா இதுக்கு ஐசிங் போட்டது? சுவர் பூசுற ஆளக் கூட்டிட்டு வந்தாங்களா? செர்ரியப் பாருங்க! டிக்கெட் எடுக்காம படிக்கட்டுல தொங்கிட்டுப் போகுது!"

ஹால் அதிர்ந்தது. பெகிக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. நெட்டா ஜன்னல் பக்கம் பார்த்தாள். செங்கா சிரித்துக்கொண்டிருந்தாள், பழையபடி, தோள் குலுங்க. நெட்டாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதன் பிறகு அந்தத் தட்டின் பக்கம் ஒருவரும் கை நீட்டவில்லை.

கூட்டம் கலைந்த பின் நெட்டா சமையலறையில் பாத்திரம் கழுவினாள். டின்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. கடைசியில் ஒரு நீல டின்னும், விற்காமல் கிடந்த அந்தத் தட்டும்தான் மிச்சம். யார் அந்தப் பூச்சுக்காரி என்று பார்க்க டின்னைத் திருப்பினாள்.

பிளாஸ்திரியில் 'செ. ஆல்ட்' என்று இருந்தது.

நிமிர்ந்தபோது வாசலில் ஆர்ச்சி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் படித்ததை அவன் பார்த்துவிட்டான்.

"அது எங்களோடது நெட்டா. அவ கார்ல இருக்கா."

"ஆர்ச்சி... அவ இப்ப எங்க சுடப்போறான்னு நான்..."

"மாவு நான் பெசஞ்சேன். ஐசிங் மட்டும் நானே போடுவேன்னு பிடிவாதமா இருந்தா. இடது கைல. தட்டத் திருப்பிப் பிடிக்கிறேன்னேன், அதுவும் வேணாம்னுட்டா." அவன் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால்கூட நெட்டாவுக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும். "குடு, நேரமாகுது."

"டின் எங்கிட்ட இருக்கட்டும். நானே கொண்டாந்து தரேன்."

சரி என்று ஆர்ச்சி தலையசைத்தான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நெட்டா சமையலறையில் நின்றபடியே ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள். வாயில் கரைந்து, கடைசியில் நாக்கில் லேசாக நறநறத்தது. மாவில் ஒரு கைப்பிடி அரிசி மாவு சேர்ப்பது ஊரிலேயே செங்கா ஒருத்திதான். பேசுவதற்கு முன் ஒரு கடி கடித்திருந்தால் போதும். கண்ணால் பார்த்ததற்கே வாயைத் திறந்துவிட்டாள். முகம் கொதித்தது. யாரும் இல்லாத சமையலறையில் முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டாள்.

மறுநாள் சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்று பெகியிடம் சொல்லி அனுப்பினாள்.

டின்னைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதற்குச் சமம் அது. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எதைப் போடுவது? கை தானாக எம்பயர் பிஸ்கட்டைச் சுட்டுவிட்டது. அச்சில் வார்த்த மாதிரி, செர்ரி நட்டநடுவில். டின்னில் அடுக்கிப் பார்த்தாள். இதைக் கொண்டுபோய் நீட்டினால் செங்காவை இரண்டாம் தடவை கிண்டல் செய்தது போலாகும். வெளியே எடுத்துவிட்டாள். கேக் வைத்தால், உன் பிஸ்கட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்று சொல்வது போலிருக்கும். கடை சாக்லேட் நோயாளிக்குக் கொண்டுபோவது. நீல டின் மேசையில் அப்படியே கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே நடமாடினாள்.

வாரக் கடைசியில் மறுபடி மாவு பிசைந்தாள், அரிசி மாவு சேர்க்காமல். அது செங்காவின் வழி, அதைத் தொடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. வட்டங்களை மட்டும் சுட்டு ஆறவைத்தாள். ஜாமும் ஐசிங்கும் இல்லாமல், மொட்டையாக அப்படியே டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

செங்கா சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் மூடியை நெம்பித் திறந்தாள்.

"என்னடி, ஒண்ணுமே போடாம கொண்டாந்திருக்க?"

நெட்டா மேசைக்கு எதிரே வந்து நின்றாள். "உன்னோடதுன்னு தெரியாது செங்கா," என்றாள்.

"தெரிஞ்சிருந்தா?"

"வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

"அதான்டி எனக்கு வலிக்குது. நல்லாருக்குன்னு பொய் சொல்லியிருப்ப. பாவம், கை விழுந்தவன்னு." செங்கா மூடியை மேசைமேல் வைத்தாள். "படிக்கட்டுல தொங்குற செர்ரி! எனக்கு நெசமாவே சிரிப்பு வந்துச்சு. வீட்டுக்கு வந்தப்புறந்தான் அழுதேன்."

நெட்டா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தட்டு டாக்டர் மனைவியுடையதாக இருந்திருந்தால் தனக்கு வெட்கமே வந்திருக்காது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே காசை நீட்டிய பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். இறங்கிப் போன பிறகு அவர்களில் எத்தனை பேர் அழுதார்களோ. அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"இனிமே நீ ஹாலுக்கு ஒண்ணும் சுட்டு அனுப்ப மாட்டியா?" என்று கேட்டாள். கேட்க வேண்டும் என்று வந்ததே இது ஒன்றைத்தான்.

"மாட்டேன்னுதான் இருந்தேன்." செங்கா ஒரு வட்டத்தை எடுத்து முகர்ந்தாள். "அரிசி மாவு போடலியே."

"அது உன்னோடது."

"பெரிய இது! சரி, ஜாமத் தடவு. ஐசிங் நான் போடறேன். இதச் சாப்பிட ஆர்ச்சி இருக்கான். ஹாலுக்கு அடுத்த மாசம் என் மாவுல சுடுவேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. என் கையப் பத்தி அங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. பாவம் பாத்து யாரும் வாங்க வேணாம். வித்துத் தீரலன்னு நீயும் வாங்கிடாத."

"சரி."

"பாக்காத. கைய உத்துப் பாத்தா நடுங்குது."

நெட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஜாம் தடவினாள்.

ஜூன் மாதக் கூட்டத்தில் அந்தத் தட்டைத் தன் முன்னாலேயே வைத்துக்கொண்டாள். ஐசிங் சற்றுத் தேறியிருந்தது. செர்ரிகள் இன்னும் ஓரத்திலேயே இருந்தன. செங்கா ஜன்னலோரத்தில் கைத்தடியுடன் உட்கார்ந்திருந்தாள். பெகி தட்டைப் பார்த்தவுடன் கையைத் தட்டினாள்.

"அடடே, பூச்சுக்காரன் மறுபடியும் வந்துட்டானா! செர்ரி இன்னும் படிக்கட்டுலதான் தொங்குது!"

தான் சொன்ன வார்த்தைதான். சிரிப்பும் போன மாதம் கேட்ட அதே சிரிப்பு. நெட்டாவின் காது சுட்டது.

"யாரு நெட்டா இது? நீதான் பாத்தவுடனே சொல்லுவியே!"

கையைப் பற்றிப் பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். பெயரைச் சொன்னால் கையைச் சொன்ன மாதிரிதான். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"நான்தான்," என்றாள்.

"நீயா?"

"வயசாகுதில்ல. கை முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது."

சிரிப்பு அடங்கிவிட்டது. பெகியின் முகம் இளகியது. "ஐயோ கண்ணு," என்று நெட்டாவின் கையைத் தொட்டாள். "அதனாலென்ன, எனக்கு ரெண்டு குடு." இதைத்தான் செங்கா வேண்டாம் என்றாள் என்று நெட்டாவுக்குப் புரிந்தது. அந்த இரக்கம் அவளைக் கூச வைத்தது.

ஜன்னலோரத்தில் கைத்தடி தரையில் ஓங்கித் தட்டப்பட்டது.

"பொய் சொல்றா! அவளுக்கு இவ்வளவு நல்லா வராது!"

ஹால் திரும்பிப் பார்த்தது.

"அது என்னோடது," என்றாள் செங்கா. "இடது கைல போட்டேன். பெகி, மொதல்ல கடிச்சுப் பாரு. அப்புறம் பூச்சுக்காரன், படிக்கட்டு எல்லாம் பேசிக்கலாம்."

பெகி கடித்தாள். மென்றாள். அந்த நறநறப்பு நாக்குக்கு எட்டியிருக்க வேண்டும், மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கன்னத்திலிருந்து கழுத்து வரை சிவந்துபோனது. உதட்டில் ஐசிங்கோடு, பிஸ்கட்டைக் கீழேயும் வைக்க முடியாமல், வாயிலும் போட முடியாமல் நின்றாள்.

அந்த முகத்தை நெட்டாவுக்கு நன்றாகத் தெரியும். ஹால் முழுக்க அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தது. நாக்கு நுனிவரை ஒன்று வந்தும் விட்டது. அவள் அதை விழுங்கிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்ச் செங்காவின் மேசைக்கு எதிரே போட்டாள்.

"வந்து உக்காரு பெகி," என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில்.