ஜமீனின் கால் அளவு

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் கொளஞ்சிநாதனின் இடது மணிக்கட்டில் குதிரைக் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். வலது கையால் டீயை வாங்குவார். முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் ஒரு மடக்குக் குடிப்பார். பதினொரு வருடமாக அதே கடை, அதே டீ. கயிற்றின் மறுமுனையில் நிற்கும் வெள்ளைக் குதிரை ஜமீன், அவர் தலைக்கு மேலே கழுத்தை நீட்டி வடைத் தட்டை நோட்டம் விட்டுக்கொண்டிருக்கும்.

"கட்டிப்போட்டுட்டு நிம்மதியா ஒக்காரக் கூடாதாண்ணே?" என்று கேட்பார் கடைக்காரர்.

"கட்டுனா அவுக்கறதுக்கு ஆளு இல்லியா இந்த ஊர்ல?" என்பார் இவர்.

விருத்தாசலத்தைச் சுற்றி மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டுமென்றால் இவரிடம்தான் வருவார்கள். திட்டக்குடியானாலும் பெண்ணாடமானாலும் ஜமீன்மேல் ஏறி, தானே ஓட்டிக்கொண்டு போவார். மினி லாரியில் ஏற்ற மாட்டார். டிரைவர் எந்தச் சந்தில் திருப்புவானோ, யார் கண்டது? இந்தச் சந்தேகம் வம்சத்தில் வந்தது. அவருடைய அப்பா மாணிக்கவேல் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றடிக்குப் போய் வாளியைத் தூக்கிப் பார்த்து, "இது இந்த வூட்டு வாளிதானா, எரவலா?" என்று கேட்டவர். அப்படிக் கேட்டுக் கட்டிய பெரியநாயகியின் தம்பி மகள்தான் பாஞ்சாலை. சொந்த மாமன் மகள், பிறந்ததிலிருந்து பார்த்த முகம். ஆனாலும் தாலி கட்டும்போது கொளஞ்சிநாதன் அந்த மஞ்சள் கயிற்றை ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போட்டார். பந்தலே சிரித்தது.

ஜமீனுக்கு லாடம் கிடையாது. இதற்கு முன்பு வைத்திருந்த பெட்டைக் குதிரைக்கு லாடம் அடித்தபோது ஓர் ஆணி உள்சதையில் இறங்கிவிட்டது. சீழ் கோத்து, மூன்றே மாதத்தில் அது நிரந்தர நொண்டியாகிப் போனது. அன்று முதல் சுத்தியல் பிடித்த எவரையும் அவர் குதிரையிடம் அண்ட விட்டதில்லை. ஆனால் வீடு இருப்பதோ செராமிக் பேட்டைக்குப் பின்னால். உடைந்த கப்பு, கை போன பொம்மை, வெடித்த இன்சுலேட்டர் எல்லாவற்றையும் கொட்டி நிரவிய பாதை. தை மாதம் ஒரு பீங்கான் சில்லு ஜமீனின் முன்னங்காலில் ஏறிவிட்டது.

சில்லை எடுத்த மாட்டு டாக்டர் சொன்னார்: "இன்னொரு தடவ ஏறுச்சின்னா சவாரிய மறந்துடுங்க. லாடம் வாணாம்னா கொளம்புக்குன்னே ரப்பர் ஷூ விக்குது. முன்னங்காலு ரெண்டுக்கும் வாங்கிப் போடுங்க."

டாக்டருடைய மச்சான் யாராவது ஷூக்கடை வைத்திருப்பாரோ என்று கொளஞ்சிநாதன் நான்கு நாள் விசாரித்தார். அப்படி யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சென்னையில் குதிரைச் சாமான் விற்கும் கடைக்குப் போன் போட்டார்.

"கொளம்ப சீவிட்டு, அகலமான எடத்துல குறுக்க ஒரு அளவு, நுனியிலேர்ந்து குதிகால் வரைக்கும் ஒரு அளவு. மில்லிமீட்டர்ல எடுத்து, போட்டோவும் அனுப்புங்க சார்" என்றார் கடைக்காரர்.

அளவாவது பரவாயில்லை. போட்டோ எதற்கு? கால் புண்ணோடு இருக்கும் போட்டோ, தொழில் போட்டிக்கு நிற்கும் மங்கலம்பேட்டைக் குதிரைக்காரன் கைக்குப் போனால், ஜமீன் நொண்டி என்று நாளைக்கே கல்யாண மண்டபம் மண்டபமாகச் சொல்லிவிடுவான். வைகாசியில் திட்டக்குடிக் கல்யாணம் வேறு இருக்கிறது. டேப்பை வைத்து அளக்கவும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. டேப்பை நம்புவதென்றால் அதில் கோடு போட்டவனையும் நம்ப வேண்டும்.

கடைசியில் காலையே சென்னைக்கு எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தார்.

பாஞ்சாலை செராமிக் பேட்டையில் அச்சில் களிமண் கூழ் ஊற்றும் வேலைக்குப் போகிறவள். குழைத்த மண்ணில் ஜமீனின் முன்னங்காலை அழுத்தி, பதிந்த பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றி அசல் போலவே ஒரு குளம்பு எடுத்தாள். "இத அப்பிடியே கொண்டு போங்க, போதும்" என்றாள்.

"பிளாஸ்டரு சொரண்டுனா வந்துடும். கடக்காரன் கொஞ்சம் சொரண்டிட்டு சின்ன ஷூவ மாட்டிக் குடுத்துட்டான்னா? சூளையில சுட்டுக் குடு. சுட்டத எவனும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சுடணும்னா மேல ஒரு சுத்து மண்ணு ஏத்தி, பெருசா அச்சு எடுக்கணுங்க."

"இருக்கறதுக்கு மேல ஏன் ஏத்துற? பெரிய ஷூவா வாங்க வச்சி, அது கழண்டு, குதிர விழுந்து… ஒந்தம்பி சொல்றான்ல, வித்துடுங்கன்னு. அதுக்கா?"

பாஞ்சாலை அவரை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னபடியே, ஒரு நூல் கூடாமல் அச்சு எடுத்து, கூழ் ஊற்றி, கப்புகளோடு கப்பாகச் சூளையில் வைத்துச் சுட்டுக் கொடுத்தாள். பால் நிறத்தில் பளபளவென்று ஒரு குளம்பு. தட்டினால் கிண்ணென்றது.

அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். எதிர் சீட்டுக்காரர் என்னவென்று கேட்டதற்கு, "மருந்து" என்றார்.

கடையில் எட்டு ஷூவைப் போட்டுப் பார்த்தார். ஒன்று லொடலொடத்தது. ஒன்று பக்கவாட்டில் திரும்பியது. ஒன்றின் பட்டை குதிகாலில் உரசும் என்று தோன்றியது. ஒன்பதாவது, இரண்டு விரலால் தள்ளியதும் கச்சிதமாக உட்கார்ந்தது.

கடைக்காரர் தயங்கினார். "நெஜக் கால ஒரு தடவ அளந்துட்டு வாங்கிடலாமே சார்? எதுக்கும் ஒரு சைஸ் பெருசும் பாருங்களேன்."

பெரியது விற்காமல் தேங்கிக் கிடக்கிறது போலிருக்கிறது, தலையில் கட்டப் பார்க்கிறான் என்று கொளஞ்சிநாதன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஒன்பதாவதையே ஜோடியாக வாங்கி, பெட்டியைத் தன் கண் முன்னால் ஒட்டச் சொல்லி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டு எடுத்து வந்தார்.

வீட்டில் ஜமீனின் காலில் அது ஏறவில்லை. தள்ளினார். தட்டினார். தேங்காயெண்ணெய் தடவினார். குளம்பின் நுனி மட்டும் நுழைந்தது. ரயிலில் பெட்டி மாறிவிட்டதா? கையெழுத்து அவருடையதுதான். பிறகு ஜமீனின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"வீம்புக்கு கால விரிக்குது பாரு, களவாணி!"

ஜமீன் மூக்கால் ஒரு சத்தம் விட்டது.

மறுநாள் பிராது எழுத உட்கார்ந்தார். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், அநியாயம் செய்தவன் பேரைக் காகிதத்தில் எழுதிச் சாமியிடம் முறையிட்டு வேலில் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். லாடம் அடித்தவர்மேல் ஏற்கெனவே ஒன்று கட்டியிருக்கிறார்.

"எதிராளின்னு யாரு பேரப் போட்டுருக்கீங்க?" என்று கேட்டாள் பாஞ்சாலை.

"கடக்காரன். பெட்டிய ஒட்டும்போது ஏதோ கைவேல காட்டிட்டான்."

"அப்ப சூளை பேரையும் சேத்து எழுதுங்க."

அவள் போய்ப் பீங்கான் குளம்பை எடுத்து வந்தாள். ஜமீனின் காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்து, அதை அசலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அண்ணன் பக்கத்தில் தம்பி நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு பேட்டையிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்கேலை இரண்டின்மேலும் வைத்தாள்.

"இது நூத்தியிருவத்திரண்டு. இது நூத்தியேழு. ஈரம் போவயில கொஞ்சம் சுருங்கும், சூளையில மிச்சம் சுருங்கும். எங்க பேட்டையில பச்சக் கப்பு ஒண்ணு, சுட்ட கப்பு ஒண்ணு வச்சிப் பாத்தா கொழந்தைக்கே தெரியும். ஒரு சுத்து ஏத்தணும்னு சொன்னனே. யாரச் சந்தேகப்பட்டீங்க?"

கொளஞ்சிநாதன் ஸ்கேலை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தானே ஒருமுறை அளந்தார். அதே நூற்றிருபத்திரண்டு. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவருக்கு அந்தப் பளபளத்த பீங்கான்மேல் மட்டும் ஒரு துளி சந்தேகம் வரவில்லையே என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பிராதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும்.

போட்டோ எடுத்ததும் அளவை அனுப்பியதும் பாஞ்சாலைதான். "மூஞ்சி தெரியாம எடு, மூஞ்சி தெரியாம எடு" என்று பக்கத்திலேயே நின்றார். சின்ன ஜோடியைத் திருப்பி அனுப்பினார்கள். எட்டாம் நாள் பெரிய ஜோடி வந்தது. சீவிய குளம்பில் லேசாக ஒரு தட்டுத்தான். பொருந்தி உட்கார்ந்தது. பட்டையை இழுத்து ஒட்டி, குதிகால் மேட்டில் விரலை விட்டுப் பார்த்தார். உரசவில்லை.

"ஒருத்தர் புடிச்சி நடத்தணும், இன்னொருத்தர் பின்னால நின்னு பாக்கணும் சார். அப்பத்தான் ஷூ திரும்புதா, நட கோணுதான்னு தெரியும்" என்று கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார்.

கொளஞ்சிநாதன் தானே பிடித்து நடந்துகொண்டு, தானே திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பினால் ஜமீனும் நின்றது. கயிற்றை நீளமாக விட்டுப் பின்னால் போனார். ஜமீனும் கூடவே திரும்பி அவர் சட்டைப் பையை மோந்தது. பதினொரு வருடம் ஏறி ஓட்டியிருக்கிறார், கூட நடந்திருக்கிறார். தன் குதிரை நடந்து போவதைப் பின்னாலிருந்து அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பாஞ்சாலை இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். வேலைக்குப் போகும் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "எனக்கு ஷிப்டுக்கு நேரமாவுது" என்றாள்.

அவர் கயிற்றைப் பார்த்தார். சில்லுப் பாதையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து ஒரு சுற்றை அவிழ்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் அவிழ்த்து, கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

பின்னால் மூன்று எட்டுப் போனவர், திரும்பி வந்தார். பிடுங்கிக்கொள்ளத்தான் வருகிறார் என்று பாஞ்சாலை கையை நீட்டினாள். அவர் அந்தக் கயிற்றை அவள் இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, வெடுக்கென்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பின்னால் போய்ப் பாதையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.