மூத்த துரையின் அரிசி மூட்டை

சின்னத்தங்கத்துக்கு வாய் கொஞ்சம் அதிகம். செட்டிபாளையத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பிறந்தது கரடியனாறு. போர்க் காலத்தில் ஊர் ஊராக ஓடி, கடைசியில் களப்புத் தண்ணீரில் வலை போடுகிற ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்து சேர்ந்தவள். மீன் படாத நாளில் அவன் வீட்டுக்கு வந்து சண்டை பிடிப்பான். அதற்கும் அவள் வாயால்தான் ஈடுகொடுத்தாள். வேறெதுவும் இல்லாமல் பிழைத்தவளுக்கு வாயாவது இருக்க வேண்டாமா? ஆனால் அடுத்தவர் பொருளில் கை வைத்தாள் என்று மட்டும் எந்த ஊரிலும் யாரும் அவளைச் சொன்னதில்லை. அந்த நல்ல பெயர் ஒன்றைத்தான் அவள் தன் சொத்தென்று நினைத்திருந்தாள்.

களப்போரத்தில் ஜெயராஜா நண்டுக் கொம்பனி திறந்தபோது அவளும் சேர்ந்தாள். அவித்த நண்டை உடைத்துச் சதையைப் பெட்டியில் நிரப்பும் வேலை. மேசைக்கு ஐந்து பெண்கள். பக்கத்து இருக்கையில் செசீலியா, தேவாலயத்து வீதிப் பிள்ளை, வயதில் இளையவள். இருவரும் ஒன்றாகவே வேலைக்கு வருவார்கள், ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்பார்கள்.

ஜெயராஜா ஜப்பானில் இசோகாவா என்ற பழைய கோட்டை ஊரில், ஒரு மீன் தொழிற்சாலையில் பல வருடம் உழைத்துவிட்டு வந்தவர். காசோடு சேர்த்து மூன்று துரைமாரையும் கொண்டுவந்தார். முந்நூறு நானூறு வருடத்துக்கு முன் அந்தச் சீமையை முதன்முதலாக ஆண்ட அப்பனும் மகனும் பேரனும். அவர்களின் பெயர்கள் எங்கள் பெண்களின் வாயில் நுழையவில்லை. மூத்த துரை, நடுத் துரை, இளைய துரை என்றாகிவிட்டது. கந்தோரில் முதலாளியின் கதிரைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய படம் உண்டு. இசோகாவா திருவிழாவில் மூத்த துரை வேசம் போட்ட ஒருவர் குதிரையில் வருகிறார். நம்முடைய முதலாளியும் அந்தப் படத்தில் இருக்கிறார், குதிரைக்குப் பின்னால், அதன் சாணம் அள்ளும் கூடையோடு. அதைப் பற்றி மட்டும் அவர் பேசமாட்டார்.

காலையில் பெண்களை வரிசையில் நிறுத்திக் கதை சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

"மூத்த துரை அஞ்சு வீட்டை ஒரு கட்டாக் கட்டி வைச்சிருந்தவர். ஒருத்தன் பிழை விட்டா அஞ்சு வீடும் பொறுப்பு. ஒருநாள் அரிசி மூட்டையொண்டைக் காணல்ல. பின்னேரத்துக்குள்ள ஆளைக் காட்டுங்க எண்டார். ஒருத்தரும் வாய் திறக்கல்ல. ஆத்தங்கரையில வைச்சு எல்லாற்ற தலையும் போயிற்று, குஞ்சு குருமானெல்லாம். மறுகா பாத்தா, மூட்டை துரைட குதிரை லாயத்திலயே கிடக்கு. துரை ஒரு சொல்லும் சொல்லல்ல. சொன்ன தீர்ப்புச் சொன்னதுதான். அதுதான் ஆட்சி!"

"அப்ப, செத்த சனத்திட்ட ஆர் போய்ச் சொன்ன முதலாளி, நீங்க எடுக்கல்லயெண்டு?" கேட்டவள் சின்னத்தங்கம்.

செசீலியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை.

நடுத் துரை அப்பனை விடக் கெட்டிக்காரன். ஆளைக் காட்டிக்கொடுத்தால் மற்றவர்களுக்கு உயிர்ப்பிச்சை, ஆனால் தண்டனையை அவர்களே தங்கள் கையால் கொடுக்க வேண்டும். சபையில் நின்று 'நான்தான் எடுத்தேன்' என்று ஒப்புக்கொள்கிறவனுக்கு மன்னிப்பும் உண்டு. எடுக்காதவர்களெல்லாம் எடுத்தோம் என்று ஒப்புக்கொண்டார்களாம். இளைய துரையின் காலத்தில் இசோகாவாவில் களவென்பதே இல்லை என்று முதலாளி பெருமையாகச் சொன்னார்.

"ஆக்களையெல்லாம் முடிச்சுப்போட்டா மறுகா ஆர் களவெடுக்கிற?" என்று சின்னத்தங்கம் பின்வரிசையிலிருந்து முணுமுணுத்தாள். அதுவும் முதலாளியின் காதில் விழுந்தது.

கதைகள் கதையாக இருக்கும்வரை சிரிக்கலாம். சில மாதத்தில் அவை கொம்பனியின் சட்டமாகின. ஒரு மேசையில் பிழை நடந்தால் பின்னேரத்துக்குள் அந்த மேசை ஆளைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து பேரும் வீட்டுக்கு.

ஜப்பானிலிருந்து நண்டுச் சதை வாங்கும் ஒருவர் பார்வையிட வந்து போனார். அவர் வந்துபோன மறுநாள் காலை, சின்னத்தங்கத்தின் மேசையில் நிரப்பிய வெள்ளைச் சதைப் பெட்டியொன்று ஐஸ் அறையில் இல்லை. முதலாளிக்கு முகம் மலர்ந்தது என்றே சொல்வேன். இதற்காகத்தானே மனிதர் காத்திருந்தார்!

"ஆரெண்டு சொல்லுங்க."

"என்ட வாயில ஒருத்திட பேரும் வராது," என்றாள் சின்னத்தங்கம். "நாங்க அஞ்சு பேரும் எடுக்கல்ல."

மற்ற நான்கு பேரும் குனிந்தபடி நண்டு உடைத்தார்கள். பின்னேரம் ஆக ஆக, குனிந்த தலைகள் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கின. துரைமாரைப் பார்த்துச் சிரித்தவள் யார்? முதலாளிக்கு யாரைப் பிடிக்காது? யாருடைய பெயரைச் சொன்னால் வேலை சுளுவாக முடியும்? பெயரைச் சொன்ன வாய் செசீலியாவினுடையது. அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது, பயம் இருந்தது. அதற்காக நான் அவளை மன்னிக்கப் போவதில்லை.

"தங்கக்கா," என்றாள்.

நடுத் துரையின் சட்டப்படி தண்டனையும் அவர்கள் கையாலேயே நடந்தது. முற்றத்தில் எல்லோரும் பார்க்கச் சின்னத்தங்கத்தை முழங்காலில் இருத்தினார்கள். நேற்றைய நண்டுக் கோது ஒரு கூடை, புழுத்து நாறுகிற தண்ணீரோடு. தூக்கியவள் செசீலியா.

"கண்ண மூடுங்கக்கா," என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கொட்டினாள்.

அன்றோடு அவளுடைய வேலையும் போயிற்று. குளித்தால் நாற்றம் போகும். கெட்ட பெயர் போகுமா? கடைத்தெருவில் 'நண்டுக் கள்ளி' என்றார்கள். கோயிலில் அவள் பக்கத்தில் நின்ற பெண் கைப்பையை மறு தோளுக்கு மாற்றினாள். புருசன் சண்டை பிடிக்கும்போது அந்தச் சொல்லைத்தான் முதலில் எடுத்தான். இத்தனை வருடமாக ஈடுகொடுத்த வாய்க்கு அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. சின்னத்தங்கம் வெளியே போவதை விட்டாள்.

செசீலியா மேசைத் தலைவியானாள். முதலாளி வீட்டில் விசேசமென்றால் பாத்திரம் கழுவவும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அங்கே குசினி அலுமாரித் தட்டில், தங்கள் மேசையின் அடையாளம் போட்ட வெறும் பெட்டியைக் கண்டாள். முதலாளியின் மனைவி ஜூலி சாதாரணமாகச் சொன்னாள்: "அது அண்டைக்கு ஜப்பான்காரர் சாப்பிட வந்த நேரம் அவசரத்துக்கு நான் எடுத்த. இவருக்கும் பிறகு சொல்லிப்போட்டன்."

செசீலியா மீதிப் பாத்திரங்களையும் கழுவி முடித்தாள். அடுத்த நாளே முதலாளி அவளைத் தூது அனுப்பினார். நண்டு அதிகம் படுகிற காலம், கை போதவில்லை. வரிசைக்கு முன்னால் நின்று 'நான்தான் எடுத்த' என்று சொன்னால் சின்னத்தங்கம் திரும்பி வரலாம். நடுத் துரையின் மன்னிப்பு!

சின்னத்தங்கத்தின் படலையில் நின்று செசீலியா அழுதாள். தூதைச் சொன்னாள். பிறகு, சொல்லக் கூடாததையும் சொன்னாள், பெட்டி எங்கே போனதென்று.

"என்ட பேர் வெளியில வரப்படாதக்கா. பிள்ளைக்காகக் கேக்கன்."

"வராது," என்றாள் சின்னத்தங்கம். "நாளைக்கு வாறனெண்டு சொல்லு."

மறுநாள் காலை முற்றம் நிறையப் பெண்கள். முதலாளி கைகட்டி நின்றார். சின்னத்தங்கம் தோய்த்த சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தாள்.

"ஓம், நான்தான் எடுத்த," என்றாள் உரத்த குரலில். "எடுத்து முதலாளியம்மாட கையில குடுத்த. அவ சமைச்ச. ஜப்பான்காரர் தின்ட. முதலாளியும் கொஞ்சம் தின்ட. மிச்சம் கிடந்தாப் பூனை தின்டிருக்கும். மூத்த துரைட அரிசி மூட்டை லாயத்திலதான் கிடந்தது, பிள்ளையள்! நான் கள்ளியில்ல!"

பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி சிரித்தாள். அந்தக் கணத்தில் சின்னத்தங்கத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். போன சொத்து கைக்கு வந்துவிட்டது.

முதலாளி கோபப்படவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"சரி, நீ கள்ளியில்ல. உன்ட இடம் உனக்கு," என்றார். "என்ட வீட்டுக் குசினியில நடந்தது உனக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்ன?"

சின்னத்தங்கம் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் அவளுடைய கண் ஒரு முறை, ஒரே ஒரு முறை, செசீலியாவின் பக்கம் போய்த் திரும்பியது. மேசையின் மற்ற மூன்று பெண்களுக்கு அது போதுமாக இருந்தது. மூன்று கைகள் நீண்டன.

நண்டுக் கோதுக் கூடையை முதலாளியே இழுத்துவந்து சின்னத்தங்கத்தின் காலடியில் வைத்தார்.

"கொட்டு. இல்லாட்டி அஞ்சு பேரும் வீட்டுக்குப் போங்க. நீ மறுகாயும் கள்ளிதான். நான் சொன்னா ஊர் நம்பும்."

கொட்ட மாட்டாள் என்றுதான் முற்றத்தில் நின்ற எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படி எழுதத்தான் ஆசைப்பட்டேன். செசீலியா யாரும் சொல்லாமலே முழங்காலில் இருந்து தலையைக் குனிந்தாள்.

சின்னத்தங்கம் கூடையைத் தூக்கினாள்.

"கண்ண மூடு, பிள்ளை," என்றாள்.