தலைவியம்மாவுக்கு அடித்த பேனர்

பேனர் கடையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கல்யாண ஆர்டர்தான் பிடிக்கும். சாவு ஆர்டர் என்றால் கை ஓடாது. தலைவியம்மா இறந்த அன்றே அந்தக் கூச்சம் போய்விட்டது. வேறு வழி? கடை திறக்கும்போதே வாசலில் கூட்டம். பண்ணைக்காட்டுப் பக்கம் ஃப்ளெக்ஸ் அடிக்க எங்கள் கடையை விட்டால் ஆள் கிடையாது. டிசைன் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. பல் தெரியக் கூடாது

தலைவியம்மா எங்கள் ஒன்றியத்தின் முன்னாள் தலைவி. அவருடைய அப்பா ஊராட்சித் தலைவராக இருந்தவர். மலையில் மேலே இருக்கும் குடியிருப்புகளுக்கு ஜீப் போகும் பாதை அப்பா காலத்தில் வந்தது. அதே பாதையில் பஸ் வந்தது மகள் காலத்தில். அதனால் மலையே அஞ்சலி செலுத்த வந்துவிட்டது.

அஞ்சலி பேனரில் இறந்தவர் மேலே, அஞ்சலி செலுத்துகிறவர்கள் கீழே. சிக்கல் என்னவென்றால், அவர்கள் கொண்டுவரும் படமெல்லாம் கல்யாண வீட்டில் எடுத்தது.

"போட்டோவுல பல்லு தெரியுது தாயி. கொஞ்சம் வாய மூடி விடு" என்றார் ஒரு மிளகு வியாபாரி.

"வேற போட்டோ இல்லையாண்ணே?"

"நான் என்னைக்கு அழுதுகிட்டே போட்டோ எடுத்தேன்?"

முதலாளி காதர் பாய் மெஷின் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "எல்லாரையும் கருப்பு வெள்ளை ஆக்கிரு புள்ள. சிரிச்சாலும் சோகமாத்தான் தெரியும்."

இன்றுவரை கைகொடுக்கும் வித்தை அது. ஆனால் கீழே முகங்கள் சேரச் சேர, மேலே தலைவியம்மா சுருங்கிக்கொண்டே போனார்.

2. அஞ்சலியா, அழைப்பா?

படத்திறப்புக்கு முதல் நாள் மதியம், தலைவியம்மாவின் மகள் மலர்விழி அக்கா கடைக்கு வந்தார். கூடவே, அம்மாவோடு கட்சி வேலை பார்த்த ராசு மாமா.

"தாத்தா, அம்மா, அடுத்து நீ. மூணு முகமும் ஒரே சைஸு. அப்பத்தான் நாளைக்கு சீட்டு கேக்க முடியும்" என்றார் மாமா.

"சீட்டு கெடக்கட்டும் மாமா. களத்துக்கு ஆள் வரலையே, அதப் பாருங்க."

அவர்கள் வீட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் தினமும் காலையில் தலைவியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பென்ஷன், ரேஷன் கார்டு, பட்டா என்று ஆட்கள் வருவார்கள். அது தாத்தா தொடங்கிய வழக்கம். பதவி போன பிறகும் நிற்கவில்லை. அம்மா போனதும் நின்றுவிட்டது.

"துக்க வீட்டுல போயி எப்படிக் கேக்கன்னு தயங்குறாங்க. பென்ஷன் நின்னுபோனவங்க இருக்காங்க. ஒரு மாசம் வராம இருந்துட்டா அப்புறம் வரவே மாட்டாங்க" என்றார் அக்கா.

என் வாய் சும்மா இருக்காது. "அக்கா, வாங்கன்னு பேனர்லயே போட்டுருவோமா?"

"அஞ்சலி பேனர்லயா? கடை திறப்பு விழான்னு நெனச்சியா?" என்று சீறினார் மாமா. பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அக்கா என் திரைப் பக்கம் குனிந்தார். பிறகு சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: 'அம்மாகிட்ட வந்த மாதிரியே வெள்ளனே களத்துக்கு வாங்க. உங்க சோலிய நான் பாக்குறேன். மலர்விழி.'

"எழுத்துத் தமிழுக்கு மாத்திடவா அக்கா?"

"வேணாம். பேசுற மாதிரியே இருக்கட்டும். மேல அம்மா மட்டும் பெருசா."

"என் மூஞ்சி?" என்றார் மாமா.

"நீங்கதான் நேர்லயே இருப்பீங்களே மாமா."

3. காயாத மை

பனி இறங்கினால் மை காயாது. ஈரத்தோடு சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் பாய் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக, விரித்தபடியே பேனரைத் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாக அக்கா வீட்டுக்கு நடந்தோம். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து படித்தார்கள். "ஏலே, களம் உண்டாம்ல!" என்று ஒருவர் மலைக்கு மேலே போகும் கடைசி ஜீப்புக்குள் தலையை விட்டுச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் பேனர் கட்டப் போனோம். மேல் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் உடைந்த குழாய்த் துண்டோடு வந்து கேட் அருகே நின்றார்.

"இன்னைக்குக் கேக்கலாமா தாயி? படம் தெறக்குற நாளாச்சே."

விழாவுக்கு வந்திருந்த நாற்காலிகளில் இரண்டைக் களத்தில் இழுத்துப் போட்டார் மலர்விழி அக்கா. "உக்காருங்கக்கா. எந்த எடத்துல உடைஞ்சிருக்கு?"

ராசு மாமா போனை எடுத்தார். "குழாய் ஃபிட்டர் தம்பி, எங்க இருக்க? வெரசா தலைவியம்மா வீட்டுக்கு வா."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டுக்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

இப்போது அஞ்சலி பேனருக்கு யார் வந்தாலும், போட்டோ கேட்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: "அவங்க பாத்துக்கிட்டிருந்த வேலைய இனிமே யாரு பாக்குறாங்க?" சிலர் முறைக்கிறார்கள். சிலர் வெளியே போய்ப் பேசி, ஒரு பெயரோடு திரும்பி வருகிறார்கள். அந்தப் பெயரைப் பெரிதாகப் போடுங்கள்.