முரளிக்குப் பின்னால் இருந்த டிவி

இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் யாமினிக்கு அப்போது மனசு சரியில்லை என்றார்கள். மீதிப் பேர் வெயில் என்றார்கள். யாமினியிடமும் கப்பலில் இருந்த இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தேதியும் நேரமும் யாமினியின் போனில் இன்னும் இருக்கின்றன. கப்பலின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்.

2020, மே மாதம். ஊர் புத்தூர். அப்போது சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். யாமினி வார்டு வாலன்டியர். காலையில் வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இருமல் என்று எழுதிக்கொண்டு வருவாள். மதியம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஐந்து வயது மகள் கீர்த்தியைத் தூங்க வைப்பாள். சரியாக மூன்று மணிக்கு முரளிதரனின் வீடியோ கால் வரும்.

முரளி அவள் கணவன். சொகுசுக் கப்பலில் சர்வர். கொரோனா வந்ததும் பயணிகளை எல்லாம் இறக்கிவிட்டுக் கப்பல் மணிலா பக்கம் கடலில் நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. வேலைக்காரர்களை ஆளுக்கொரு கேபினில் அடைத்தார்கள். சாப்பாடு கதவுக்கு வெளியே தரையில் வரும். எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வராண்டாவில் கார்டு நிற்பான். ஊருக்கு அனுப்பும் பட்டியலில் முரளியின் பெயர் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் விமானம் ரத்து.

மே 8-ஆம் தேதி அவனைப் பயணிகள் தங்கும் கேபின் ஒன்றுக்கு மாற்றினார்கள். 7114. பால்கனி வைத்த அறை.

"பெரிய ரூம்மே," என்றான் முரளி. முகத்தில் சிரிப்பு இல்லை. தாடி வளர்ந்திருந்தது.

"துன்னியா மாமா?"

"ம்."

போனைத் தலைமாட்டு விளக்கில் சாய்த்து வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பேசினான். அவனுக்குப் பின்னால், எதிர்ச் சுவரில், ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. கப்பலின் மேல்தளம். வரிசையாக வெள்ளை நாற்காலிகள். அதற்கப்பால் கடல். கப்பலின் முன்பக்கத்தைக் காட்ட கேபின் டிவியில் தனி சேனல் உண்டு என்று அவனே முன்பு சொல்லியிருக்கிறான். ஜன்னல் இல்லாத அறைக்காரர்கள் அதைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். இவனுக்கும் பொழுது போக வேண்டுமே என்று யாமினி நினைத்துக்கொண்டாள்.

மே 11, மூன்று மணி ஆறு நிமிடம். டிவியில் அந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒருவன் நின்றான். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட். முதுகு மட்டும் தெரிந்தது.

"மாமா, மேல யாராச்சும் நடக்க விடறாங்களா?"

"யாரும் கெடையாது. மேல போற கதவுக்கெல்லாம் பூட்டு."

மே 13. அதே ஆள். இப்போது இந்தப் பக்கம் திரும்பி நின்றான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

மே 14. டிவியில் கடல் இல்லை. நீளமான வராண்டா. இரண்டு பக்கமும் கதவுகள். ஒரு கதவின் முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தக் கதவின் நம்பரைப் படித்தாள் யாமினி.

7114.

அன்று முரளி அதிகம் பேசவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டை எடுக்கவே இல்லை என்று, வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னான். "எதுக்கு எடுக்கணும்?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னான்.

அவனைக் கப்பலுக்கு அனுப்பிய சென்னை ஏஜென்டுக்கு அவள் அன்று இருபத்திரண்டு முறை போன் செய்தாள். ஸ்விட்ச் ஆஃப். விஜயவாடா அரசு ஹெல்ப்லைனில் ஒரு பெண் பாஸ்போர்ட் நம்பரைக் குறித்துக்கொண்டாள், அவ்வளவுதான். யாமினி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். கீர்த்திக்குக் கேட்கக் கூடாது.

மே 15. மூன்று மணி நான்கு நிமிடம். டிவியில் இப்போது ஒரு கேபினின் உள்பக்கம். பால்கனிக்கு முன் சாத்திய திரை. கட்டில். கட்டிலில் யாரும் இல்லை.

"மாமா, பின்னாடி அந்த டிவிய ஆஃப் பண்ணிட்டுப் பேசேன். எனக்கு பயமா கீது."

முரளி திரும்பிச் சுவரைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இவள் பக்கம் திரும்பினான்.

"இன்னா டிவி?"

"பின்னாடி... செவுத்துல..."

"இங்க டிவியே இல்ல யாமினி. வந்த நாள்லேர்ந்து வெறும் செவுத்தைத்தான் பார்த்துக்கினு கீறேன். நாலு ஸ்குரூ ஓட்டை கீது. ஒரு ஒயர் தொங்கினு கீது."

அவன் தோளுக்கு மேலே டிவி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

யாமினி ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். கால் முடிந்ததும் திறந்து பார்த்தாள். முரளி இருந்தான். பின்னால் வெறும் சுவர். நான்கு ஓட்டைகள்.

அன்று இரவு முழுக்க அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். ஊரெல்லாம் அடைத்துக் கிடக்கிறது, தெருமுனையில் மூங்கில் கட்டியிருக்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மே 16. முரளிதான் சொன்னான்.

"இப்போல்லாம் தனியா கீற மாதிரியே இல்ல யாமினி. பக்கத்துல யாரோ ஒக்காந்துக்கினு இருக்கற மாதிரி... நல்லாத்தான் கீது. சாயங்காலம் தண்ணி எவ்ளோ அமைதியா கீது தெரியுமா?"

"மாமா, பால்கனிக்குப் போகாத."

"போகல."

"கீர்த்தி மேல சத்தியம் பண்ணு."

லைன் அறுந்துவிட்டது.

மே 17, ஞாயிறு.

மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குக் கால் வந்தது. வெளியே அக்னி வெயில். மின்விசிறி கடகடவென்று ஓடியது. கீர்த்தி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

முரளி முகம் கழுவித் தலை வாரியிருந்தான். யூனிஃபார்ம் போட்டிருந்தான். வேலையே இல்லாதபோது எதற்கு யூனிஃபார்ம் என்று கேட்க வாயெடுத்தாள் யாமினி.

அவனுக்குப் பின்னால் டிவி. டிவியில் அதே அறை. இந்தத் தடவை கட்டிலில் முரளி உட்கார்ந்திருந்தான். அவன் முதுகு தெரிந்தது. அதற்கப்பால் விளக்கில் சாய்த்த போன், அதில் சின்னதாக இவள் முகம். அந்த டிவியே அறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது...

முரளிக்குப் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான்.

வெள்ளைச் சட்டை.

யாமினி கண்ணைத் தாழ்த்தி நிஜக் கட்டிலைப் பார்த்தாள். முரளிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

மெத்தை மட்டும் ஒரு ஆள் அளவுக்கு அமுங்கியிருந்தது.

"கீர்த்திய நல்லா பாத்துக்கோ," என்றான் முரளி.

"இன்னா பேசற மாமா? மாமா!"

"அலுத்துப்போச்சு யாமினி."

எழுந்தான். படத்தை விட்டு வெளியே போனான். திரையின் வளையங்கள் கிர்ர்ர் என்று நகர்ந்தன. அறையில் மஞ்சள் வெளிச்சம் பாய்ந்தது. பிறகு ஒரு கண்ணாடிக் கதவு இழுபடும் சத்தம். காற்று.

மூன்று மணி பதினொன்று.

 வாலன்டியர் வேலைக்குக் கொடுத்த இன்னொரு போன் பக்கத்தில் கிடந்தது. யாமினி அதை எடுத்துத் தனசேகரைக் கூப்பிட்டாள். நகரிக்காரன், அதே கப்பலில் சமையல் உதவியாள். அவன் கேபின் இரண்டு தளம் கீழே.

மணி அடித்தது. எடுக்கவில்லை.

மறுபடி. எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை...

"சொல்லு தங்கச்சி."

"அண்ணா, ஓடுண்ணா! 7114! அவரு பால்கனில நிக்கிறாரு!"

"வெளிய வந்தா கார்டு..."

"அண்ணா!"

அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கதவு அறைபட்டது. ஓடும் சத்தம்.

யாமினி முதல் போனைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "மாமா! வந்துடு மாமா!"

 காற்றின் சத்தம் மட்டும்.

"இங்க வா! என்கிட்ட வந்துடு!" கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டாள். அவன் பார்க்க முடியாது என்று தெரியும். தெரிந்தும் கூப்பிட்டாள். "வா... வா... வந்துடு..."

சத்தத்தில் கீர்த்தி விழித்துக்கொண்டு வீறிட்டாள். "அம்மா! நைனா எங்கம்மா?"

போனில் தெரிந்த அறையில் யாரும் இல்லை. டிவி மட்டும் எரிந்தது.

டிவிக்குள் அந்த ஆள் இன்னும் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

யாமினியைப் பார்த்தான்.

நேராக.

அவன் முகத்தில் கொடுமை எதுவும் இல்லை. அதை இன்றும் அவள் சொல்கிறாள். தெருவில் யாரோ அழுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறவன் முகம் அது. பரிதாபம்தான் இருந்தது.

அவள் கை நிற்கவில்லை. "வா... வந்துடு..."

அவன் தலையாட்டினான்.

எழுந்தான்.

பால்கனித் திரையை நோக்கி நடந்தான்.

டிவி அணைந்தது.

சுவர். நான்கு ஓட்டைகள்.

மூன்று மணி பதினேழு.

கதவை உடைக்கிற மாதிரி தட்டல்... சாவி போடும் சத்தம்... கார்டின் ஆங்கிலக் கத்தல்... தனசேகரின் குரல். "மச்சான்! டேய் முரளி!"

முரளி உயிரோடு இருந்தான்.

பால்கனித் தரையில், கம்பிக்கு இரண்டடி தள்ளி, மல்லாந்து கிடந்தான். முழங்கை சிராய்த்திருந்தது. தனசேகர் தூக்கி உட்கார வைத்தபோது அவன் சொன்னது ஒன்றுதான்.

"என்னைத் தள்ளிட்டு யாரோ முன்னாடி போனாங்கடா."

அன்றே அவனைத் தனசேகரின் அறைக்கு மாற்றினார்கள். தினமும் டாக்டர் வந்து பேசினார். ஜூன் மாதம் விமானம் கிடைத்தது. திருப்பதியில் ஒரு லாட்ஜில் ஏழு நாள் தனியாக வைத்தார்கள். யாமினி கீர்த்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ப் பக்க நடைபாதையில் நின்று, மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவாள். இனிமேல் எந்தக் கப்பலும் வேண்டாம் என்று அந்த ஜன்னலிலிருந்தே போனில் சொன்னான் முரளி.

7114-இல் அவனுக்கு முன்னால் இருந்தவனைப் பற்றி அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தனசேகர் விசாரித்துச் சொன்னான். பெயர் சிம்மாசலம். ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பையன், கேபின் சுத்தம் செய்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால்கனியிலிருந்து கடலில் விழுந்து போய்விட்டான். அவனுக்கு எந்தக் கவலையும் இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை. அடுத்த பட்டியலில் அவன் பெயர் உறுதியாகியிருந்தது, பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தான். விசாரணைக்கு வந்தவர்கள் அந்த அறையிலிருந்து அவன் போனையும் டிவியையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

2021 ஜனவரியில் சிம்மாசலத்தின் அக்கா பத்மினி மொட்டை போட்டுக்கொள்ளத் திருமலைக்கு வந்தாள். தனசேகர் நம்பர் கொடுத்திருந்தான். தம்பி இருந்த அறையில் அவனுக்குப் பிறகு இருந்தவரை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று கேட்டாளாம். முரளியும் யாமினியும் கீர்த்தியைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் தங்கியிருந்த அறை. பத்மினிக்குத் தெலுங்கு மட்டும்தான். புத்தூர்க்காரர்களுக்குத் தெலுங்கு பிரச்சினை இல்லை.

பர்ஸிலிருந்து தம்பியின் போட்டோவை எடுத்துக் காட்டினாள். இடது புருவத்தில் தழும்பு.



"கடைசி ஒரு வாரம் இதையேதான் சொல்லிக்கினு இருந்தான்," என்றாள் பத்மினி. "டிவில யாரோ ஒரு பொம்பளை தெரியறா, எதையோ பார்த்து பயந்துக்கினே இருக்கா அப்டின்னான். திருப்பதிலதான் ரெண்டு வருஷம் படிச்சான், தமிழ் கொஞ்சம் புரியும் அவனுக்கு. நான் திட்டினேன். டிவிய ஆஃப் பண்ணிட்டு தூங்குடான்னு... இது அவன் கடைசியா அனுப்பிச்ச வாய்ஸ் மெசேஜ். கேளுங்க."

போனைக் கட்டிலின் நடுவில் வைத்தாள். திரையில் தேதி இருந்தது. ஏப்ரல் 26. மதியம் 3.17, கப்பலில் அப்போது சாயங்காலம். முரளி அந்த அறைக்குப் போவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

சிம்மாசலத்தின் குரல். அவசரமே இல்லை.

"அக்கா, இன்னிக்கு அந்தம்மா ரொம்ப அழறா. வா, வந்துடுன்னு கையை நீட்டி என்னையே கூப்பிடறா. பார்க்கப் பாவமா இருக்குது. என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன்..."

கிர்ர்ர். திரை நகரும் சத்தம்.

அதற்கும் பின்னால், தூரத்தில், ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். வார்த்தை சரியாகக் கேட்கவில்லை. கூடவே ஒரு குழந்தை வீறிட்டது.

மெசேஜ் முடிந்தது.

 முரளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த பொம்பளை யாருன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

கட்டில் ஓரத்தில் லட்டு தின்றுகொண்டிருந்த கீர்த்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா," என்றாள் தமிழில். "இதுல அழறது நான்தானே?"

பாப்பா என்ன சொல்கிறாள் என்று கேட்டாள் பத்மினி.

"ஒண்ணும் இல்லக்கா," என்றாள் யாமினி.