அதே மாத்திரை

நேவியோ ஆஸ்திரேலியாவில் எங்கள் ஃப்ரீமேன்டில் துறைமுகத்தில் சிங்கி இறால் படகு ஒன்றில் எஞ்சின் பார்ப்பவன். அவனும் டெர்மட்டும் பதினொரு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. டெர்மட்தான் முதலில் இளைத்தான்.

தொண்ணூற்றொன்பதில் டெர்மட்டுக்குப் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் காய்ச்சல், வாந்தி, மார்பெல்லாம் தடிப்பு. குளிர்காலமாதலால் ஃப்ளூ என்று நினைத்து, மாத்திரையை நிறுத்திவிட்டுப் படுத்தான். நான்கு நாளில் எழுந்து முட்டை பொரித்துத் தின்றான். இப்படிக் காய்ச்சலும் தடிப்பும் வந்து நிறுத்தினால் மறுபடி தொடக்கூடாது என்று பெட்டிக்குள்ளிருந்த தாளில் எழுதியிருந்தது. இருவருமே அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"சாக்கு சொல்லாதடா, எடுத்துப் போடு" என்றான் நேவியோ.

"சரிங்க டாக்டர்" என்று சிரித்தபடி டெர்மட் விழுங்கினான். அன்று மாலைக்குள் மூச்சுத் திணறி இறந்துபோனான்.

மூன்று வருடம் கழித்து நேவியோவின் பழைய மருந்துகள் கேட்காமல் போயின. ரத்தம் எடுத்துப் பரிசோதித்த நர்ஸ் பெவர்லி அவனை உட்காரவைத்து, புது மருந்தின் பெயரைச் சொன்னாள். அவன் எழுந்துவிட்டான்.

"அதே மாத்திரைதான், நேவியோ. ஆனா ஒரு மரபணு இருக்கிறவங்களுக்குத்தான் அது அப்படிப் பண்ணுதுன்னு இப்பக் கண்டுபிடிச்சிருக்காங்க. உங்களுக்கு அது இல்ல."

"அவனுக்கு?"

டெர்மட் உயிரோடிருந்தபோது ஆராய்ச்சிக்கென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரத்தம் மருத்துவமனை உறைபெட்டியில் இருந்திருக்கிறது. அதையும் பார்த்திருந்தார்கள்.

"இருந்துச்சு" என்றாள்.

இந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு ரத்தம் வேண்டும் என்று கேட்டான். ஒரு சின்னக் குழாய் போதும் என்றாள். அவன் மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஒன்பது நாள் மாத்திரைப் பெட்டி சமையலறை மேசையில் பிரிக்காமல் கிடந்தது. பெவர்லி தினமும் போன் செய்தாள். பத்தாம் நாள் விழுங்கினான். பிறகு ஆறு வாரம், தினமும் காலையில் சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் மார்பைப் பார்த்தான்.

"பயத்துல மட்டும் பாக்கல" என்று, துறையின் மறுகோடியில் படகு வைத்திருக்கும் என்னிடம் சொன்னான். "ஒரு தடிப்பாவது வரட்டும்னு இருந்துச்சு. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சிருக்கும்ல."

ஒன்றும் வரவில்லை. உடம்பு தேறியது. இடுப்புவாரை இரண்டு துளை தளர்த்த வேண்டியதாயிற்று. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல், படகுத்துறை முழுக்க நடந்து என்னிடம் வந்து சொன்னான்.