மேல்சாலைக்குக் காவல் போன தீமியோஸ்

தீமியோஸைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவேன். எங்கள் ஊர் தெர்மொபிலியில் பிறந்ததையே தான் செய்த சாதனைபோல் பேசுகிறவன். இங்கே கணவாயில் பெரும்படையை மறித்து நின்ற அந்த முன்னூறு வெளியூர் வீரர்கள் செத்து இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாகிறது. கடல்கூட அலுத்துப்போய் எங்கேயோ விலகிவிட்டது. இவன் மட்டும், போரின் நினைவுச் சிலையைப் பார்க்க வருகிறவர்களிடம் அந்த முன்னூறு பேரில் ஒருவர் தன் பாட்டன் என்று அளப்பான். இங்கே சண்டைக்கு வந்து செத்தவனுக்கு இங்கே ஏதடா பேரன் என்று கேட்டால் கோபம் வரும்.

அந்தக் குளிர்காலத்தில், ஆற்றுக்குக் கரை கட்டித்தரச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்டு நெடுஞ்சாலையை டிராக்டர்களால் மறித்தோம். கரை இல்லாவிட்டால் வெள்ளத்தில் முதலில் முங்குவது அவன் அக்கா அசிமினாவின் ஆட்டுப்பட்டிதான். புருஷனை இழந்தவள், அந்த ஆடுகளை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

நெடுஞ்சாலையைத் தொடாமல் சுற்றிப்போக மலைமேல் ஒரு பழைய சாலை உண்டு. அந்தக் காலத்துப் போரையே, ஒருவன் எதிரிக்குக் காட்டிக்கொடுத்த பின்பக்க வழிதான் கெடுத்தது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் மேலேயும் ஒருவன் டிராக்டரைக் குறுக்கே போட வேண்டும் என்றோம். தீமியோஸ் மார்தட்டினான்.

"ஒரு ஈ காக்கா தாண்டாது."

"காக்காய விடுடா, லாரியப் பாரு," என்றாள் அசிமினா.

மறுநாள் டிவிக்காரர்கள் சிலையடிக்கு வந்தார்கள். மேலே இவனும் பனியும்தான். கேமரா இல்லாத இடத்தில் இவனுக்கு வீரம் ஏது? டிராக்டரோடு இறங்கி வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டான். பேசி முடிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நின்ற சரக்கு லாரிகளைப் போலீஸ்காரர்கள் மேல்சாலையில் திருப்பிவிட்டார்கள். மறித்தும் பயனில்லை என்றானதும், பேச வருவதாக இருந்த அமைச்சர் வரவில்லை. நாங்களும் கலைந்தோம்.

"எவனோ காட்டிக்கொடுத்துட்டான்," என்று தீமியோஸ் என் காபிக்கடையிலேயே உட்கார்ந்து சொன்னான். வெட்கங்கெட்ட ஜென்மம்.

மார்ச்சில் ஆறு ஊருக்குள் வந்தது. பட்டியில் ஒரு குட்டிகூட மிஞ்சவில்லை.

ஈஸ்டரன்று வழக்கம்போல் அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போனான். வாழ்த்துச் சொல்ல நானும் போயிருந்தேன். ஈஸ்டரன்று வீட்டுக்கு வீடு ஆட்டுக்குட்டி சுடுவோம்; அவள் முற்றத்தில் நெருப்பே மூட்டியிருக்கவில்லை.

"என்னக்கா, இன்னும் குட்டி சுடலையா?"

அசிமினா அவன் எதிரே ஒரு காலித் தட்டை வைத்தாள். "எல்லாக் குட்டியும் ஆத்தோட போச்சு. அந்த ஆத்துக்கிட்டயே போய்க் கேட்டு வாங்கிட்டு வா, சுட்டுத் தரேன்."

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு, ரொட்டியாவது இருக்கிறதா என்று கேட்டான்.